செருப்பில்லாத சித்திரை

ஆட்டோக்காரர் காசி தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். டயரைத் தட்டுவார், பிரேக்கை மிதிப்பார், குனிந்து அடியில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் நிற்கிற ஆட்டோக்களில், நடுவழியில் நின்று மானத்தை வாங்காத வண்டி என்றால் அது காசியின் வண்டிதான். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த உடம்பை மட்டும் வாடகைக்கு எடுத்த வண்டி மாதிரி ஓட்டினார். ஐம்பதைத் தாண்டிய வயசு, ரொம்ப நாளாகவே சர்க்கரை. ரிப்பேர் ஆனால் ஓனர் பார்த்துக்கொள்வார் என்கிற நினைப்பு. அந்த ஓனர், அதாவது அவர் மனைவி உண்ணாமலை, போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது காசியின் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை.

உண்ணாமலை இருந்தவரை காலை டீயோடு மாத்திரை வரும். அவர் கேட்டதில்லை, அவள் மறந்ததில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், “காலக் காட்டு” என்பாள். பாத்திரம் தேய்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். முள்ளோ வெடிப்போ கண்ணில் பட்டால் அன்றைக்குத் திட்டு ஜாஸ்தி. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள். காசி டிவியைப் பார்த்துக்கொண்டு, “உம், உம்” என்பார். அந்தத் திட்டில் பாதியைக்கூட அவர் காதில் வாங்கியதில்லை. இப்போது அதில் ஒரு வரி கிடைத்தால் போதும் என்று ஏங்குகிறார், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவள் போன பிறகு, “நாளாக நாளாகச் சரியாயிடும்” என்றார்கள். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான், சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் துக்கம் அப்படிப் படிப்படியாக இறங்கி வரவில்லை. ஒரு மாதம் நன்றாக இருப்பார், சவாரிக்குப் பேரம் பேசுவார், ஸ்டாண்டில் கேலி பண்ணுவார். திடீரென்று ஒரு வாரம் கெட்டுவிடும். என்ன காரணம் என்று அவருக்கே தெரியாது. மேகம் கருத்தால் கெடும், யார் வீட்டிலாவது கடுகு தாளித்தால் கெடும். அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. நாலு சுவரும் ஒரே கேள்வியைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஊரில் எந்தக் கஷ்டத்துக்கும் மருந்து ஒன்றுதான். கல்யாணம் ஆகவில்லையா, மலையைச் சுத்து. வேலை கிடைக்கவில்லையா, மலையைச் சுத்து. மனசு சரியில்லையா, வெறுங்காலோடு சுத்து. தப்பென்று யாரும் சொல்ல முடியாது, சுற்றித் தேறினவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காசியும் சுற்றினார். பௌர்ணமிக்கு மட்டும் இல்லை, வீடு தாங்காத நாளெல்லாம் சுற்றினார். வண்டியை ஸ்டாண்டில் விட்டு, செருப்பை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆசிரமத்து வாசலில் தொடங்கி மறுபடியும் ஆசிரமத்து வாசலுக்கே வந்து சேருவார். ஸ்டாண்டில் அவரை சாமியார் ஆக்கிவிட்டார்கள். “காசியண்ணனுக்கு பக்தி முத்திடுச்சு” என்றான் முருகையன், அடுத்த வண்டிக்காரன். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. மனுஷன் வீட்டிலிருந்து தப்பித்து ஓடினார். ஓடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த பாதையோ வட்டமான பாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், காசிக்கு சாப்பாடு போட்டவர்களே சும்மா உட்காருகிறவர்கள்தான். எந்தெந்த நாட்டிலிருந்தோ விமானம் ஏறி, இந்தச் சாலையில் ரூம் எடுத்து, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று கண்ணை மூடி உட்காருவதற்கென்றே வருகிறவர்கள். அவர்களைக் கொண்டுபோய் உட்காருகிற இடத்தில் இறக்கிவிடுவதும், உட்கார்ந்து எழுந்ததும் ஏற்றிக்கொண்டு வருவதும்தான் அவர் பிழைப்பு. “இன்னாத்துக்குதான் இப்படி உக்காந்துக்கினே இருக்குதுங்களோ” என்று சிரிப்பார். அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஒரே மகள் சிந்துஜாவைப் போளூரில் கொடுத்திருந்தது. மருமகன் அன்பரசன் செல்போன் கடை வைத்திருக்கிறான், நல்ல பையன். சம்பந்தியம்மா ஜோதியம்மாளும் வாய் அதிகம் பேசாத நல்ல பெண்பிள்ளை. சிந்துஜா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து காசிக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே.

வளைகாப்பு முடிந்து கிளம்புகிறபோது ஜோதியம்மாள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பள இல்லாத வீடு. குழந்தையக் குளிப்பாட்டணும், பத்தியம் பாக்கணும். இங்கயே இருக்கட்டுமே, நீங்க வந்து வந்து பாருங்க.”

“அவங்கம்மா இருந்தா இப்படிச் சொல்வியாம்மா?” என்றார் காசி. குரல் உடைந்துவிட்டது.

சிந்துஜாதான், “நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன் அத்தை” என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் காசி போளூரிலிருந்து வேங்கிக்காலில் தன் வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். உண்ணாமலை செய்திருக்க வேண்டியது இது ஒன்று பாக்கி. அதைத் தான் குறைவில்லாமல் செய்துவிட்டால் அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த மாதிரி. வேறு எதுவும் அவர் சாமியிடம் கேட்கவில்லை.

ஏற்பாடு பலமாக நடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார். பீரோவைத் திறந்து உண்ணாமலையின் பழைய நூல் புடவைகளை எடுத்துத் துவைத்தார். தூளிக்கு ஒன்று, துடைக்கக் கிழித்துக்கொள்ள இரண்டு. பக்கத்து வீட்டு அருணாதேவியிடம் போய்ப் பத்தியக் குழம்பு கற்றுக்கொண்டார். பூண்டை வதக்கச் சொன்னால் கருக்கினார். கருக்கியதைத் தானே தின்றுவிட்டு மறுபடி வதக்கினார். “வண்டி ஓட்டற கைக்கு இன்னா வேலண்ணா இது” என்று அவள் சிரித்தாள். ஆனால் அடுத்த தெருப் பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவள்தான். இவ்வளவையும் தயார் பண்ணினவர், காலையில் தான் போடுகிற மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று மறந்துபோயிருந்தார். நினைவு வந்தால் போடுவார், வராவிட்டால் இல்லை.

அப்போதுதான் அந்த வேண்டுதல். சிந்துஜாவை அழைத்து வருவதற்கு முதல் நாள், மலையைப் பார்த்து நின்று, மகள் நல்லபடியாகப் பெற்று எழுந்திருக்கிற வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார். இங்கே யாரும் செய்கிற வேண்டுதல்தான். மகனுக்குப் பரீட்சை என்றால் செருப்பை விடுவார்கள், வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் விடுவார்கள். தன் உடம்பை வருத்தினால் சாமிக்கு மனசு இளகும் என்று ஒரு கணக்கு. சர்க்கரைக்காரன் காலை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. வெயிலோ அக்னி நட்சத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சிந்துஜா வந்த அன்றே கவனித்துவிட்டாள். “செருப்பு எங்கப்பா?”

வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். “அறுந்து போச்சும்மா. வாங்கணும்.”

மறுநாளே அருணாதேவியோடு தேரடித் தெருவுக்குப் போய், அந்த வயிற்றோடு கடை கடையாக ஏறி இறங்கி, கட்டைவிரல் இடுக்கில் வார் வைத்த நல்ல தோல் செருப்பு ஒன்று வாங்கி வந்து வைத்தாள். “மெத்துன்னு இருக்குது, போட்டுப் பாரு” என்றாள். “புதுசு. நல்ல நாள் பாத்துப் போடறேன்” என்று வாங்கி, கவரோடு ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். கேட்டபோதெல்லாம், “வண்டில இருக்குது” என்றார். அது பொய் இல்லைதான்.

பகலெல்லாம் சரியாகப் போயிற்று. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவார், மத்தியானம் வந்து தட்டில் போட்டுக் கொடுப்பார். சாயங்காலம்தான் வம்பு. சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாமி மாடத்தில் விளக்கேற்றுவாள். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் உண்ணாமலை. அதே கொண்டை, தலையை அதே மாதிரி சாய்த்து நிற்பது. காசியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

“எங்கப்பா கிளம்பிட்ட?”

“ஒரு சுத்து போயிட்டு வந்துடறேம்மா.”

“நேத்துதான போன. கொஞ்ச நேரம் உக்காருப்பா. எனக்கும் இந்த நேரத்துல அம்மா ஞாபகமாவே வருது.”

“உனக்காகத்தாம்மா போறேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிடுவார். அவள் வாசல் வரைக்கும் வந்து நிற்பாள். இதுபோல எத்தனையோ சாயங்காலம். ஒரே ஆளை நினைத்து இரண்டு பேர் தவித்திருக்கிறார்கள். ஒருத்தி வீட்டுக்குள் தனியாக, ஒருவர் ரோட்டில் தனியாக. இதை இன்று நினைத்தால் காசிக்கு நெஞ்சு எரிகிறது.

சித்திரா பௌர்ணமி வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். ஆட்டோவை ஊருக்குள் விடவில்லை, அதனால் காசிக்கு அன்று வேலையும் இல்லை. சிந்துஜாவுக்குக் காலையிலிருந்து இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. சூட்டு வலிதான் என்றாலும் பயந்திருந்தாள். “இன்னிக்கு மட்டும் போகாதப்பா” என்றாள். பௌர்ணமியன்று போகாமல் வேண்டுதல் குறைபட்டால் மகளுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று காசி பயந்தார். பயந்தவர் என்ன செய்ய வேண்டும், மகளிடத்தில் இருக்க வேண்டும். இவர் அருணாதேவியைத் துணைக்கு வைத்துவிட்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று மத்தியான வெயிலிலேயே கிளம்பிவிட்டார். பாதையில் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தெளித்த இடம் அடுத்த நிமிஷம் காய்ந்துபோயிற்று. ஜனங்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். காசி மட்டும் நிதானமாக நடந்தார். தரை சுடவில்லையே என்று அவருக்கே ஆச்சரியம். மலையின் கிருபை என்று எடுத்துக்கொண்டார். கால் மரத்துப்போய் மாசக்கணக்காகிவிட்டது, அதனால்தான் சுடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, துடைத்த தரையில் திட்டுத் திட்டாக ஈரம் கண்டு சிந்துஜா கேட்டாள். “இன்னாப்பா இது, நீ நடந்த இடமெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது?”

“ஆயில் மிதிச்சுட்டேன் போல.”

பின்பக்கம் போய் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் எழும்பி உடைந்து தோல் வழுவழுவென்று கிடந்தது. அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கவலை. பிள்ளைத்தாச்சி பார்த்தால் பதறுவாளே, ஜோதியம்மாள் கேள்விப்பட்டால் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுவாளே என்ற கவலை. மஞ்சளைக் குழைத்து அப்பி, துணியைச் சுற்றி, “சின்னக் கல்லு குத்திடுச்சு” என்றார். கட்டுப் போட்ட காலோடு பிரேக்கை மிதித்தார். துணி நனைந்தால் வேறு துணி. தூளிக்கென்று துவைத்து வைத்த புடவையை விட்டுவிட்டு, மற்ற இரண்டும் அவர் காலுக்கே போயிற்று. சிந்துஜாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று இருந்தார்.

வைகாசி பிறந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில் ஸ்டாண்டில் பிரேக்கை மிதித்தார். கால் மிதித்ததா இல்லையா என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்து முருகையன் வண்டியின் மேல் போய் இடித்து நின்றது. திட்டுவதற்கு இறங்கி வந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தான். நெருப்பாகக் கொதித்தது. பிறகு காலைப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“இன்னாண்ணா இது, கால அழுக வச்சுக்கினு வண்டி ஓட்டறியா? உனக்கு இன்னா பைத்தியமா?”

“சிந்துஜா பாப்பாவுக்குச் சொல்லாதடா” என்றார் காசி. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

சொல்லாமல் எப்படி? பெரியாஸ்பத்திரியில் படுக்கை போட்டதும் சிந்துஜா வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வார்டு நாற்றத்தில் நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோதியம்மாளும் அன்பரசனும் வந்தார்கள். சம்பந்தியம்மா குத்தலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீங்க உடம்பப் பாத்துக்குங்கண்ணா. இவள நாங்க பாத்துக்கறோம்” என்றாள். இதையேதான் வேறு வார்த்தையில் வளைகாப்பில் சொன்னாள். அன்று அவரிடம் பதில் இருந்தது. இன்று தலையை மட்டும் ஆட்டினார். சிந்துஜா போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வலது காலில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். அந்த வாரமே போளூரில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அன்பரசன் செல்போனில் காட்டினான். வார்டில் டவர் கிடைக்காமல் படம் நின்று நின்று வந்தது. ஒரு சிவந்த முகம், அதைத் தாங்கிய கை ஜோதியம்மாளுடையது. வீட்டில் வெள்ளையடித்த சுவரும், உத்தரத்துக் கொக்கியும், காய்ந்து மடித்த புடவையும் அப்படியே கிடந்தன. காசி போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரர், “பேத்தியா? நல்லது, நல்லது” என்றார்.

பத்து நாள் கழித்து சிந்துஜா போனில் பேசினாள். அதற்குள், காசி காய்ச்சல் வேகத்தில் உளறிய வேண்டுதல் விஷயம் முருகையன் வாயிலாக அவளுக்குப் போயிருந்தது.

“ஏம்பா, செருப்பு வேண்டுதலா?”

“உனக்காகத்தாம்மா. நீ நல்லபடியா...”

“எனக்காகன்னு சொல்லாத.” அவள் குரல் உயரவில்லை. “நான் உன்ன நடக்கச் சொல்லல. உக்காருன்னுதான் சொன்னேன். தெனமும் சொன்னேன்.”

குழந்தை அழுதது, அவள் போனை வைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். காசி பிடித்தது பிள்ளையாரே இல்லை, ஆரம்பத்திலிருந்தே தன் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு அந்தப் படுக்கையில்தான் உறைத்தது.

கட்டு மாற்றும் தென்றல் சிஸ்டர் ஒரு கறார் பேர்வழி. வீட்டுக்கு அனுப்புகிற அன்று எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “ஐயா, நல்லா கேட்டுக்குங்க. தெனமும் சாயந்திரம் வெதுவெதுப்பான தண்ணில கால் கழுவணும். தண்ணி சூடா இல்லையான்னு முழங்கையால தொட்டுப் பாக்கணும், கால நம்பக் கூடாது, அது பொய் சொல்லும். விரல் இடுக்குல ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க. ஒரு கண்ணாடியத் தரையில வச்சு, பாதத்தை மேல காட்டிப் பாருங்க. வெடிப்பு, செவப்பு, எது இருந்தாலும் ஓடியாந்துடுங்க. வெறுங்கால் இனிமே கிடையாது, வீட்டுக்குள்ளயும்தான். அப்புறம் மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு. சுவர் இருந்தாத்தான் சித்திரம்.”

“மனசு சரியில்லன்னா?” என்றார் காசி. ஏன் அப்படிக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தாள். “அன்னிக்கும் கால் கழுவுங்க. அன்னிக்குத்தான் முக்கியமா கழுவணும்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி தேடினார். உண்ணாமலை பொட்டு வைத்துக்கொள்கிற கைக்கண்ணாடி பீரோவில் இருந்தது, ஓரத்தில் அவள் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றோடு. அதைத் தரையில் வைத்து, முதல் நாள் கழுவிய பாதத்தை அதன் மேல் நீட்டிக் குனிந்து பார்த்தபோது அவரால் தாங்க முடியவில்லை. அவள் இத்தனை வருஷம் மடியில் வைத்துப் பார்த்த பாதம். அவள் பார்த்தபோது அவர் டிவி பார்த்தார். விளக்கு வைக்கிற நேரம், வெளியே போக வழி இல்லை, விரல் போன கால். வாய்விட்டு அழுதார். அருணாதேவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனாள். அழுது முடித்து மோரைக் குடித்தார். கால் ஈரமாகவே இருக்கிறதே என்று நினைவு வந்து, ஒத்தித் துடைத்தார்.

அப்படியே பழகிற்று. புண் ஆறி வண்டி எடுத்த பிறகும், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு சவாரி எடுப்பதில்லை. மழை நாளில் மனசு கெட்டால், கெட்டது என்று முதலில் தன்னிடமே சொல்லிக்கொள்வார். அன்று ஸ்டாண்டில் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை, வெறும் வயிற்றோடு இருப்பதில்லை, ரசம் சோறாவது வைத்துக்கொள்வார். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடியை வைப்பார். எண்ணெயைக் குதிகாலில் மட்டும், இடுக்கில் படாமல். தன் காலைத் தானே தடவிக்கொள்வது ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. அவள் கை மாதிரி வராது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த அரை மணியில் கேள்வி கேட்கிற சுவர்கள் கேட்டுவிட்டு ஓய்ந்துபோகும். சில நாள் ஓயாது. ஓயாத நாளும் விடியத்தான் செய்தது.

ஐப்பசியில் உண்ணாமலையின் திதி வந்தது. சிந்துஜா குழந்தையோடு வந்தாள். இனியா என்று பெயர் வைத்திருந்தார்கள். குப்புற விழுந்து தலை தூக்குகிற குழந்தை. காசி காலையிலேயே கொக்கியில் தூளி கட்டி வைத்திருந்தார், அந்தப் புடவையில். குழந்தையை அதில் போட்டு ஆட்டினார். வீறிட்டு அழுதது. சிந்துஜா, “அத்தை கட்டில்ல பக்கத்துல போட்டுத் தட்டிக் குடுத்தே பழக்கிட்டாங்கப்பா. தூளி பழக்கம் இல்ல” என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. காசி தூளியை முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிட்டார். இவர் மடியிலும் குழந்தை கொஞ்ச நேரம்தான் இருந்தது, புது முகம் பார்த்து உதட்டைப் பிதுக்கிற்று. அதன் மேல் தப்பு இல்லை. யார் குளிப்பாட்டினார்களோ அவர்கள் வாசனையைத்தான் அது தேடும்.

படையல் எல்லாம் முடிந்து சாயங்காலம் ஆயிற்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை பாயில் தூங்கிவிட்டது. சிந்துஜா மாடத்தில் விளக்கேற்றினாள், அதே கொண்டை, அதே சாய்ந்த தலை. காசியின் கை துண்டை நோக்கிப் போயிற்று. எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ப் பேசினைப் பக்கத்தில் இழுத்து, முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, காலைக் கழுவி, கண்ணாடியை வைத்தார்.

திரும்பிப் பார்த்த சிந்துஜா அப்படியே நின்றாள். “அம்மா கண்ணாடியா?”

“ஆமா.”

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

அவள் வெளியே போனாள். பகலில் குழந்தையின் குடையை வண்டியில் விட்டிருந்தாள், அதை எடுக்கத்தான் போனாள். வர நேரமாயிற்று. வந்தபோது கையில் குடையோடு ஒரு கவரும் இருந்தது. சித்திரையில் வாங்கிய செருப்பு. கவரில் தூசி படிந்திருந்தது, உள்ளே தோல் புதுசாகவே இருந்தது. தேய்ந்த அடையாளம் இல்லை.

“வண்டிலதாம்மா இருந்தது” என்றார் காசி.

சிந்துஜா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். துண்டை வாங்கி, மீதியிருந்த மூன்று விரல்களின் இடுக்கையும் ஒத்தித் துடைத்தாள். பிறகு இடது காலில் செருப்பை மாட்டினாள், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வலது காலை எடுத்து மாட்டினாள். நழுவிற்று. மறுபடியும் மாட்டி, கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். கையை எடுத்ததும் நழுவிற்று. வாரைப் பிடித்துக்கொள்ள அங்கே கட்டைவிரல் இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிச் செய்த பட்டை வைத்த செருப்பு கதவோரம் கிடந்தது, அதைத்தான் அவர் இப்போது போடுகிறார். சிந்துஜா அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள், புதுச் செருப்பு இரண்டையும் கழற்றிக் கவரில் போட்டுச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அன்னிக்கே உக்காந்திருக்கணும்மா” என்றார் காசி. “நீ சொன்னப்பவே.”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. பாயில் குழந்தை புரண்டு மறுபடி தூங்கிற்று. மழை வலுத்தது. சிந்துஜா, “அம்மா எண்ணெய எப்படித் தடவும், குதிகாலிலேர்ந்தா?” என்று கேட்டுக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்தாள். காசி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் உக்காருப்பா” என்றாள், சித்திரையில் சொன்ன அதே குரலில்.

காசி உட்கார்ந்துதான் இருந்தார்.